வளாகத்தில் உலவும் ஒரு செய்தி

ஆகஸ்ட் 7, திங்கள்

ஆய்வகக் கண்ணாடிப் பொருட்கள் விற்கிறவர் ஜனவரியில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாக இதன் மேல் சட்டைகளை அடுக்கி வைத்திருந்தேன். இன்று பிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரி முதல்வர் ஹெலன் ஞானசெல்வி மேடம் என்னைக் கூப்பிட்டு, "இசக்கியப்பன் சார், முதலாண்டுக்குப் புதுசா ஒரு பேப்பர் வந்திருக்கு. தகவல் தேடலும் சரிபார்த்தலும். நீங்க எடுங்க" என்றார்.

நான் விலங்கியல்காரன். தவளை, பல்லி என்று நிம்மதியாக இருப்பவன். "நான் ஏன் மேடம்?" என்று கேட்டேன்.

"ஸ்டாஃப் மீட்டிங்ல யார் என்ன சொன்னாலும் ஆதாரம் இருக்கான்னு கேக்குறது நீங்கதானே?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். புதன்கிழமை தோறும் வகுப்பு, அதுவும் நூலகத்திலேயே. நூலகர் கூடவே இருந்து சொல்லிக்கொடுப்பாராம். பெயர் ஆவுடைநாயகி. தொகுப்பூதியத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. இதுவரை அவரிடம் நான் பேசியதே இல்லை. புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை என்று ஒருமுறை ஃபோனில் சத்தம் போட்டார். அதைப் பேச்சில் சேர்க்க முடியாது.

ரசம் வைத்தேன். புளி கூடிவிட்டது.

ஆகஸ்ட் 9, புதன்

முதல் வகுப்பு. ஆளுக்கொரு புதுத் தகவல் எழுதி, அது எங்கே கிடைத்தது என்றும் எழுதச் சொன்னோம். வந்த ஆதாரங்கள்: கூகுள். யூடியூப். எங்க மாமா. எங்க மாமா யூடியூப்ல பார்த்தது.

முப்பிடாதி என்ற பெண் மட்டும், ‘இசக்கியப்பன் சார் போன வாரம் விலங்கியல் வகுப்பில் சொன்னது’ என்று எழுதியிருந்தாள். ஒருத்திக்காவது விவரம் இருக்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆவுடைநாயகி அந்தத் தாளைக் கையில் எடுத்து, "சார் சொன்னாங்கங்கறது ஆதாரம் இல்லம்மா. சாருக்கு யார் சொன்னான்னு கேளு" என்றார்.

மொத்த வகுப்பும் சிரித்தது. நானும் சிரித்தேன். பெருந்தன்மை என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

ஆகஸ்ட் 16, புதன்

ஆவுடைநாயகி இன்று ஒரு வாட்ஸப் செய்தியை அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தார். ‘இன்று இரவு ஆபத்தான விண்கதிர்கள் பூமிக்கு மிக அருகில் வருவதால் கைப்பேசியை அணைத்து வைக்கவும். அன்பானவர்களுக்குப் பகிரவும்.’

பிள்ளைகள் அதைப் பிய்த்து எறிந்துவிட்டார்கள். இன்று இரவு என்றால் எந்த இரவு? தேதி எங்கே? எந்த ஆய்வு மையம் சொன்னது? கதிர் வந்தால் செல்ஃபோனை மட்டும்தான் தேடி வருமா? கடைசியில் முப்பிடாதி எழுந்து, "மேடம், இதைப் போட்ட மடையன் யாரு?" என்று கேட்டாள்.

"பேரு வேண்டாம்மா. நல்ல மனுசன்தான். அவசரப்பட்டுட்டாரு."

நூலகத்தின் மின்விசிறிகள் ரொம்பப் பழையவை. இன்றுதான் கவனித்தேன், வகுப்பு முடியும்வரை கவனித்தேன். எல்லாரும் போன பிறகு அவரிடம் போய், "ஒரு எச்சரிக்கைக்காகத்தான் ஸ்டாஃப் குரூப்பில் போட்டேன்" என்றேன்.

"ரொம்ப நன்றி சார். அன்னைக்கு அலாரம் அடிக்காம பாதி ஸ்டாஃப் லேட்டா வந்தோம்."

ஆகஸ்ட் 17, வியாழன்

அந்தச் செய்தியைக் குழுவிலிருந்து அழிக்கப் பார்த்தேன். இவ்வளவு நாள் கழித்து அழிக்க முடியாதாம்.

ஆகஸ்ட் 30, புதன்

இன்று என் நாள். தாமிரபரணியில் முதலை என்று ஊரெல்லாம் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. தவ்ஃபீக் அதைக் கொண்டுவந்து, "மூணு வெப்சைட்ல இருக்கு சார். அப்ப உண்மைதானே?" என்றான்.

ஆவுடைநாயகி மூன்றையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். படம் ஒன்றே, வரிகளும் ஒன்றே. "ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் எழுதினா மூணு பேர் சொன்னதா ஆகாது. ஒருத்தர் மூணு தடவை சொன்னதாத்தான் ஆகும். ஒண்ணை ஒண்ணு பார்க்காத ரெண்டு ஆதாரம் வேணும். அதுக்கப்புறம் சம்பந்தப்பட்ட இடத்துக்கே போய்க் கேக்கணும்" என்றார்.

நான் எழுந்து, படத்தில் இருப்பது நம் நாட்டு முதலையே இல்லை, கடல்கடந்த இனம், மூஞ்சியின் அகலத்தைப் பாருங்கள் என்று கால் மணி நேரம் விளக்கினேன். ஒருவரும் ஃபோனை எடுக்கவில்லை.

"பரவாயில்ல, சாருக்கு முதலையைத் தெரியுது" என்றார் அவர். பாராட்டுத்தான். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

செப்டம்பர் 6, புதன்

இரண்டு சட்டை வாங்கினேன். ஒன்று நீலம், ஒன்று இளம்பச்சை. புதுப் பாடம் எடுக்கும்போது ஆசிரியர் பார்வையாக இருப்பது பாடத்துக்கு நல்லது. புதன்கிழமைக்கு என்று தனியாக இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். மற்ற நாட்களில் தவளைகள்தான் பார்க்கப்போகின்றன, பழசு போதும்.

அம்மா ஃபோன் செய்தாள். கடையநல்லூரில் ஒரு பெண் இருக்கிறதாம், போட்டோ அனுப்பட்டுமா என்று கேட்டாள். புதுப் பேப்பர், வேலை அதிகம், அப்புறம் பார்ப்போம் என்றேன்.

"வாரத்துக்கு ஒரு வகுப்புன்னு நீதானல சொன்ன?"

சிக்னல் சரியில்லாமல் போய்விட்டது.

செப்டம்பர் 13, புதன்

பிள்ளைகளை அலமாரிகளுக்கு நடுவே விட்டு, எண்ணைப் பார்த்துப் புத்தகத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். தவ்ஃபீக் கோழி வளர்ப்பைத் தேடிப் போய் சமையல் பகுதியில் நின்றான். அது ஒருவகையில் சரிதான் என்று ஆவுடைநாயகி சொன்னபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நூலகத்தில் சத்தம் போட்டதற்கு என்னை வெளியே போகச் சொன்னார். விளையாட்டுக்குத்தான் என்று நினைக்கிறேன். எதற்கும் ஐந்து நிமிடம் வராந்தாவில் நின்றேன்.

அங்கே நின்றதில்தான் ஒரு யோசனை வந்தது. உள்ளே டீ குடிக்கக்கூடாது என்பது விதி. வராந்தாவில் குடிக்கலாம். வகுப்பு முடிந்ததும் கேண்டீனிலிருந்து இரண்டு டீ வாங்கி வந்தேன். அவருக்குச் சர்க்கரை பாதி.

செப்டம்பர் 20, புதன்

டீ வாங்கப் போனபோது கேண்டீன் பால்வண்ணன் அண்ணாச்சி என்னமோ கேட்டார். நான் என்னமோ சொன்னேன். சுண்டல் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 25, திங்கள்

ஸ்கூட்டர் பஞ்சர். தள்ளிக்கொண்டே வரும்போது ஆவுடைநாயகி தங்கியிருக்கும் மகளிர் விடுதி வழியில் இருந்தது. விடுதி, பஞ்சர் கடைக்கு எதிர்த்திசையில் இருக்கிறது என்பதை அப்புறம்தான் யோசித்தேன்.

அக்டோபர் 4, புதன்

பருவத்தின் கடைசி வேலை, குழு ஆய்வு. தலைப்புகளுக்குக் கையெழுத்துப் போட்டேன். முப்பிடாதி, தவ்ஃபீக் குழுவின் தலைப்பு ‘நம் வளாகத்தில் உலவும் ஒரு செய்தி: மூலத்தைத் தேடி’. ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டியில் பாம்பு என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்து, "அருமையான தலைப்பு. பயப்படாம உள்ள எறங்குங்க" என்று உற்சாகப்படுத்தினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 5, வியாழன்

பாம்பு இல்லை.

முதல்வர் அறைக்கு அழைப்பு வந்தது. கதவைச் சாத்தச் சொன்னார். எனக்கும் ஆவுடைநாயகிக்கும் கல்யாணம் என்று கல்லூரி முழுக்கப் பேச்சாம். பேசினால் பேசிவிட்டுப் போகட்டும் என்று இருக்க முடியாது. இந்த மாதம் முப்பதாம் தேதி நிர்வாகக் கமிட்டி கூடுகிறது. நூலகர் வேலையை இன்னொரு வருடம் நீட்டிப்பதா என்று அன்றைக்குத்தான் முடிவு. கமிட்டியில் ஒருவர் தன் அக்கா மகளை அந்த நாற்காலியில் உட்கார வைக்கப் பார்க்கிறார். லைப்ரரியில் பாடம் என்ற பெயரில் காதல் நடக்கிறது என்று அவர் இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

"உண்மையா சார்?"

"முழுப் பொய் மேடம்."

"அவங்ககிட்டயும் கேட்டேன். ‘விசாரிங்க மேடம்’னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்கு ரெண்டுல ஒண்ணு தெளிவாத் தெரியணும். வெறும் பேச்சுன்னா வெறும் பேச்சுன்னு நிரூபிச்சுக் காட்டணும். இல்ல, கல்யாணம்தான்னா அதுல யாரும் வாயைத் திறக்க முடியாது. நடுவுல தொங்குனா அந்தப் பொண்ணு வேலை போயிரும்."

அவர் வேலை என்னால் போவதா? "நிரூபிக்கிறேன் மேடம்" என்றேன். குரல் உறுதியாகத்தான் வந்தது. வெளியே வந்தால் முப்பிடாதி வாட்ச்மேனிடம் இதைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டிருந்தாள். மாணவர்கள் இதே செய்தியைத்தான் ஆய்வுக்கு எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 6, வெள்ளி

முப்பிடாதியிடம் தலைப்பை மாற்றச் சொன்னேன். "சார், பயப்படாம உள்ள எறங்குங்கன்னு நீங்கதான சொன்னீய?" என்றாள். முதல்வருக்கும் விஷயம் போய்விட்டது. நல்லதாகப் போயிற்று, பிள்ளைகளே விசாரிக்கட்டும், இருபத்தைந்தாம் தேதி நானும் வந்து உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் இதுவும் நல்லதுதான். எங்கே போனாலும் ஆதாரம் என்று ஒன்று கிடைக்கப்போவதில்லை. பிள்ளைகளே பொய் என்று சொல்லிவிடுவார்கள். அவர் வேலை நிலைக்கும். நான் விரும்புவதும் அதுதான்.

வேறு எதையும் விரும்பவில்லை என்று எழுத ஆரம்பித்தேன். மை சரியாக வரவில்லை.

அக்டோபர் 11, புதன்

குழு என்னைப் பேட்டி எடுத்தது. தவ்ஃபீக் ஃபோனில் பதிவு செய்தான்.

"இந்தச் செய்தி பத்தி உங்க கருத்து என்ன சார்?"

"முழுப் பொய்."

"பொய்னாலே போதும்லா சார். ‘முழு’ எதுக்கு?" என்றாள் முப்பிடாதி.

இந்தக் கேள்வி கேட்கிற புத்தியை இவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அடுத்து ஆவுடைநாயகி பக்கம் திரும்பினார்கள். "நீங்க மத்தவங்களை எல்லாம் முடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். பொய் என்று அவர் ஏன் சொல்லவில்லை? சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடுமே. அவரிடமே கேட்கலாம் என்று மேஜைவரை போனேன். போய், தவளைகளின் நுரையீரல் பற்றிப் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டேன். வரவில்லையாம்.

அக்டோபர் 18, புதன்

பேச்சுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று இன்று டீ வாங்கவில்லை. வராந்தா பக்கமே போகவில்லை. துறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். ஒருவனுக்கு இரண்டு தடவை மார்க் கூட்டிப் போட்டுவிட்டேன். சாயங்காலம் போகும்போது ஆவுடைநாயகி எதிரே வந்து, "என்ன சார், கேண்டீன்ல பால் தீந்துருச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எனக்கு ஒன்றுமே நன்றாக இல்லை. சொல்லிவிடுகிறேன், இது டைரிதானே. புதன்கிழமை வருவதற்காகத்தான் மற்ற கிழமைகளை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த வாரமும் அம்மா கடையநல்லூர்ப் பேச்சை எடுக்கவில்லை. அதுவே நிம்மதி.

அக்டோபர் 25, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல்வர் முன்வரிசையில் இருந்தார். ஆவுடைநாயகி தன் மேஜையில் புதுப் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் நீலச் சட்டை. தவ்ஃபீக் சுவரில் ஒரு பெரிய படத்தை ஒட்டினான். யார் யாரிடம் கேட்டார்கள் என்று கோடு கோடாகக் கிளை பிரிந்த மரம்.

"இந்தச் செய்தியைச் சொன்ன எல்லார்கிட்டயும் ஒங்களுக்கு யாரு சொன்னான்னு கேட்டுக்கிட்டே பின்னால போனோம். போற வழியில செய்தி மாறிக்கிட்டே இருந்துச்சு. வேதியியல் துறையில நிச்சயம் முடிஞ்சிருச்சு. காலேஜ் பஸ்ஸுக்கு வந்தப்ப குத்தாலத்துல ரிஜிஸ்டர் கல்யாணமே ஆயிருச்சு" என்றான்.

வாட்ச்மேனிடம் போவதற்குள் எனக்கு ஒரு குழந்தை பிறந்திருந்தது. முதல்வர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நான் தெம்பாக இருந்தேன். இப்படிப் புளுகு மேல் புளுகாகப் போனால் அடியில் ஒன்றுமே இருக்காது.

"எல்லாக் கிளையும் ரெண்டே வேர்ல போய் நிக்குது" என்றான் தவ்ஃபீக். "ஒண்ணு கேண்டீன் அண்ணாச்சி. இன்னொண்ணு, லைப்ரரி மேடம் தங்கியிருக்கிற லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் ரோஸ்லின் அக்கா."

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு சொல்லியிருக்கலாமே?" என்றேன். ஆசிரியர் என்ற முறையில் கேட்கவேண்டிய கேள்வி.

"வாய்ப்பே இல்ல சார். இட்லி மாவு சண்டையில அவங்க ரெண்டு பேரும் பேசியே ரெண்டு வருசம் ஆகுது. அதையும் விசாரிச்சுட்டோம்."

ஃபோனைத் தட்டினான். அண்ணாச்சியின் குரல் நூலகம் முழுக்கக் கேட்டது. "டீ ரெண்டாயிட்டே சார்வாள், எப்பக் கல்யாணச் சோறு போடுதீயன்னு கேட்டேன். ‘தை பொறக்கட்டும் அண்ணாச்சி. அவங்களுக்கு இன்னும் தெரியாது, சொல்லிராதீங்க’ன்னாவ. நான் யார்ட்டயும் மூச்சு விடல. பால்காரர்ட்ட மட்டும்தான் சொன்னேன்."

வகுப்பு அதிர்ந்தது. செப்டம்பர் இருபதாம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம், ‘என்னமோ சொன்னேன்’ என்று நான் எழுதாமல் விட்டது இதைத்தான். என்னால் அவர் வேலை போகப்போகிறது என்று ஒரே எண்ணம். ஆவுடைநாயகி பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இருங்க, இன்னும் முடியல" என்று முப்பிடாதி தன் ஃபோனை எடுத்தாள். ரோஸ்லின் அக்காவின் குரல். "ஆவுடையா? ‘தை மாசம் ரூமைக் காலி பண்ணுவேன்கா’ன்னா. எதுக்குட்டின்னேன். கல்யாணம்னா. மாப்பிள்ளை யாருன்னேன். ‘நம்ம காலேஜ் இசக்கியப்பன் சார்தான். அவுகளுக்கு இன்னும் தெரியாது’ன்னு சிரிச்சா. அந்தத் தங்கமான மனுசனுக்குத் தெரியாமலா கல்யாணம் பண்ணப் போறன்னு கேட்டேன். ‘மெதுவாத்தான்கா புரியும் அவுகளுக்கு’ன்னா."

அப்போதுதான் நான் ஆவுடைநாயகி பக்கம் திரும்பினேன்.

"இதை எப்ப சொன்னாங்கன்னு போடலியே" என்றார் ஆவுடைநாயகி, தலையை நிமிர்த்தாமல். "தேதி இல்லாத ஆதாரத்துக்கு மார்க் குறையும். செப்டம்பர் பதினாலு, எழுதிக்கோ."

முப்பிடாதி எழுதிக்கொண்டாள். பிறகு கடைசித் தாளை வாசித்தாள். "முடிவு: செய்தி உறுதி செய்யப்படவில்லை. காரணம், அடுத்தவருக்குத் தெரியாதுன்னு ரெண்டு பேருமே சொல்றாங்க. சம்பந்தப்பட்டவங்க ஒருத்தரை ஒருத்தர் இதுவரைக்கும் கேக்கவே இல்ல. மேலும் ஆய்வு தேவை."

"இதை வச்சுக்கிட்டு நான் கமிட்டியில என்னம்மா சொல்றது?" முதல்வர் என் பக்கம் திரும்பினார். "நடுவுல தொங்கக்கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேன். ஊரெல்லாம் விசாரிக்கச் சொல்லிக்கொடுத்தீங்க. உங்களுக்கு எட்டு அடியில இருக்காங்க. போய்க் கேளுங்க சார்."

போனேன். ஆவுடைநாயகி ஒரு புத்தகத்தின் முதுகில் எண்ணை ஒட்டிக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். எண் தலைகீழாக இருந்தது. அவருக்கும் கை தவறுமா? அதைப் பார்த்ததும்தான் எனக்கு வாய் வந்தது.

"மேடம், வேலைக்காக நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். இல்லைன்னா இல்லைன்னே சொல்லுங்க, நான் கமிட்டி முன்னால வந்து எல்லாம் என் உளறல்னு ஒத்துக்கிறேன்."

"சார், பின்வரிசைக்குக் கேக்கல" என்றது ஒரு குரல்.

"நீங்க என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" என்று கேட்டேன். பின்வரிசை என்ன, கேண்டீனுக்கே கேட்டிருக்கும்.

அவர் நிமிர்ந்தார். "அறிக்கையில ஒரு தப்பு இருக்கு சார். ரெண்டு வேர்லயும் அதே தப்பு. நானும் யோசிக்காம சொல்லிட்டேன்."

"என்ன தப்பு?"

"தையில லைப்ரரி ஸ்டாக் எடுக்கணும். ஒரு புத்தகம் விடாம எண்ணணும். மாசியில வச்சுக்கலாம்."

அக்டோபர் 30, திங்கள்

கமிட்டி கூடியது. அந்த உறுப்பினர் காதல் என்று ஆரம்பித்திருக்கிறார். முதல்வர் மேடம், "மாசியில பத்திரிகை வரும். அவசியம் குடும்பத்தோட வாங்க" என்று முடித்துவிட்டாராம். ஒரு வருடம் நீட்டித்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று முற்றத்தில் நடந்து நடந்து ஒத்திகை பார்த்து, சுற்றிவளைத்து, கடைசியில் ஆவுடைநாயகி என்று பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு.

"போன மாசமே தெரியும்ல. ஒன் வாயால வரட்டும்னு இருந்தேன்."

யார் சொன்னார்கள் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். கடைசிவரை சொல்லவே இல்லை.